பழுக்கக் கொஞ்சம் வெயில்

மிளகாய்ச் செடி வளர்ப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை, ஐயா. ஒரு தொட்டி, கொஞ்சம் மண், அளவாகத் தண்ணீர், பிறகு வெயில். இவ்வளவும் இருந்தால் எந்த முட்டாளும் வளர்த்துவிடலாம். முதல் மூன்றுக்கும் எங்கள் வீட்டில் குறைவில்லை. நாலாவதில்தான் தகராறு.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால்தான் செடியிலிருந்து தொடங்குகிறேன். அக்கா இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். இன்று காவல் நிலையத்தில் என்னைப் பார்த்ததும், "மறுபடி எதுக்குங்க வந்தீங்க? வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். அக்கா போனதிலிருந்து எல்லோரும் என்னிடம் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். அது தாங்காமல்தான் வந்தேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடி வில்லையை பிரேமின் அளவுக்கு இழைத்துப் பொருத்துவது என் வேலை. கொஞ்சம் கூடுதலாக இழைத்துவிட்டால் வில்லை ஆடும், குறைத்துவிட்டால் உள்ளே போகாது. கோபக்காரனுக்கு ஒத்துவராத வேலை அது. எனக்குக் கோபம் வருவதில்லை. "இவனக் கிள்ளினாக்கூடச் சிரிப்பான்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஆத்திரத்தில் அறிவிழந்து செய்துவிட்டான் என்று நீங்கள் எழுத நினைத்தால், வேண்டாம். அது உண்மையாக இருக்காது.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தாள், தொழில் கற்கவைத்தாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவன் ஒரு வழிக்கு வரட்டும், பாக்கலாம்" என்றாள். நான் ஒரு வழிக்கு வந்தபோது கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். எனக்கும் ஏனோ எதுவும் அமையவில்லை. கடைசியில் நாலாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அவளும் நானுமாக மிஞ்சினோம்.

இதையெல்லாம் அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள். "உங்க அக்கா மாதிரி யாருக்குக் கிடைக்கும்?" என்று எதிர் வீட்டு அம்மா கேட்பார். என் முதலாளி கேட்பார். பல்லைப் பிடுங்கும்போது அந்தப் பல் மருத்துவரும் கேட்டார், வாயைத் திறந்து வைத்திருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். மற்ற நேரங்களில் "ஆமாம்" என்பேன். உண்மைதானே.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. தூசியோ புகையோ கொஞ்சம் பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கத் தொடங்கிவிடும். ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய நாள் அவள் அறை ஜன்னலோரம்தான் கழிந்தது. ஒரு சாய்வு நாற்காலி, வானொலி, குறுக்கெழுத்துப் புத்தகம். ஜன்னல் திட்டில், கை நீட்டினால் எட்டும்படி இன்ஹேலர். எங்கள் வீட்டில் வெயில் விழுவது அந்த ஒரு ஜன்னலில்தான். பால்கனி எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருக்கிறது. அங்கே காலையில் வெயில், பிடிக்காத வீட்டுக்கு வந்த விருந்தாளிபோலத் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

விதை கொடுத்தது எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். பார்வை மிக மோசம், நாங்களே இழைத்துக் கொடுத்த சோடாபுட்டிக் கண்ணாடி. கடையில் அவருக்கு அதுதான் பெயர். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு மிளகாய்ப் பழத்தை எடுத்து மேசையில் வைத்தார். சுருங்கிப்போன குட்டிக் குடைமிளகாய் மாதிரி இருந்தது, அடியில் தேளின் கொடுக்குப் போல ஒரு வால். "தொடாதீங்க, பாத்துக்குங்க. இதுல பாதிய ஒரு அண்டாக் குழம்புல போட்டா ஒரு தெருவே அழும்" என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு பொருள் எனக்குப் பிடித்துப்போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவரைப் போல இந்த வெளிநாட்டு ரகங்களை வளர்க்கிறவர்கள் ஊரில் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வீட்டுக்காரர் தன் செடியில் பழுத்ததை மெலிதாக அரிந்து தட்டில் வைப்பார், எல்லோரும் ஆளுக்கொரு துண்டு தின்பார்கள், யார் முதலில் அழுகிறாரோ அவர் எல்லோருக்கும் பால் ஊற்றிக் கொடுக்க வேண்டும். விளையாட்டுத்தான். புதிதாகச் சேருகிறவனுக்கு அங்கே பெயர் கிடையாது, 'நாற்று' என்பார்கள். தன் வீட்டில், தன் தொட்டியில் பழுத்த பழத்தை அவர்களுக்கு வைக்கிற வரைக்கும் அவன் நாற்றுதான். நாற்று எது செய்தாலும் மன்னிப்பு உண்டு. விதையை ஆழப் புதைத்தாலும், தண்ணீரில் அழுக வைத்தாலும், "விடுங்க, நாத்துதானே" என்று சிரிப்பார்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது, ஐயா. நானும் சிரித்தேன்.

சொல்வதற்கென்ன, தொடக்கத்தில் நான் மகா மோசம். முதல் ஈடு முளைகளைத் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். விதை எடுக்கப் பழத்தை அரிந்துவிட்டு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன், அந்தக் காரம் சோப்புக்கு மசியாது என்று தெரியாது. கடைக்குப் போய் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மூக்கில் மாட்டிச் சரிபார்த்தேன். மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னங்க, பவரு ஜாஸ்தியா வச்சிட்டீங்களா, எரியுதே!" என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி இன்ஹேலரை எடுத்துக்கொண்டாள். அன்று நானும் அவளோடு சேர்ந்து மனம் விட்டுச் சிரித்தேன். எங்களுக்குள் பகை எதுவும் இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் விசாரிக்கலாம்.

இரண்டாவது ஈடு பிழைத்தது. பால்கனியில் வரிசையாக வைத்து, பொத்திப் பொத்தி வளர்த்தேன். இலை இலையாக விட்டது. பூ மட்டும் இல்லை. சோடாபுட்டியைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு செடிக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, கீரைக்கடை மாதிரி வச்சிருக்கீங்க. பூவே காணோமே."

"உரம் போதலையா?"

"உரமெல்லாம் போதும். வெயில் வேணுங்க. இந்தப் பக்கம் நீங்க தலைகீழா நின்னாலும் ஒண்ணும் தேறாது."

திரும்பும்போது திறந்திருந்த கதவு வழியாக அவர் பார்வை அக்காவின் ஜன்னலுக்குப் போனது. நாற்காலியில் அவள் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். பண்புள்ள மனிதர், உடனே பார்வையைச் செடிக்குத் திருப்பிக்கொண்டார். நோயாளியான ஒரு பெண்ணின் ஜன்னலைச் செடிக்காகக் கேட்பது நியாயமில்லை. நான் கேட்கவில்லை. இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், அந்த ஜன்னலை நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் தடவை நடந்தது சத்தியமாக விபத்துதான். சோடாபுட்டி காய்ந்த பழம் சில கொடுத்திருந்தார். பொடி செய்து பார்க்கும் ஆசையில் வாணலியில் போட்டு வறுத்தேன். புகை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தொண்டை கமறியது. நான் இருமினேன், உள்ளே அவளும் இருமினாள். "என்னடா பண்ற, வீட்டக் காலி பண்ண வச்சிடுவ போலிருக்கே!" என்று கத்தினாள். பிறகு அவள் இருமல் மாறியது. கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும், காற்று உள்ளே போகாமல் வெளியே மட்டும் வருகிற ஒரு சத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர் வீட்டு அம்மாதான் ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

பிழைத்துக்கொண்டாள். வீட்டில் நெடி போகும்வரை வேறிடத்தில் இருப்பது நல்லது என்றார்கள். அவளோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பாவம், அவருக்கு என்ன தெரியும், புதுசு" என்றார் எதிர் வீட்டு அம்மா. சோடாபுட்டி மட்டும் தோளில் கைபோட்டு, "நாத்தெல்லாம் ஒரு தடவ பண்றதுதான். ஆனா ஒண்ணு, வறுக்கறது, காயவைக்கறது, கொதிக்க வைக்கறது எதுவும் வீட்டுக்குள்ள கூடவே கூடாது. மொட்டை மாடிக்குப் போயிடணும். அக்கா மாதிரி ஆளுங்களுக்கு உயிருக்கே ஆபத்து" என்றார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவள் அறையைத் துடைத்து வைக்கலாமென்று மறுநாள் போனேன். காலி நாற்காலியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. யாருக்கும் இல்லாமல் இவ்வளவும் வீணாகப் போகிறதே என்று தோன்றியது. தொட்டிகளைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தேன். அதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒரு வாரத்துக்குள் மொட்டு வந்தது. பிறகு பூ. வெள்ளையாக, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னச் சின்னதாக. வேலை விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் அங்கேதான் போய் நிற்பேன். சொல்லக் கூசுகிறது, அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

தினமும் அவளைப் போய்ப் பார்த்தேன். "நான் வந்துடறேண்டா, நீ என்னத்தத் தின்னு கெடக்கறியோ" என்பாள். "அவசரமே இல்லக்கா, நல்லாத் தேறி வா" என்பேன். அவள் தோழி கண் கலங்கி, "இப்படி ஒரு தம்பி அமையணும்" என்றாள்.

அவள் வருகிற அன்று காலையில் தொட்டிகளைப் பால்கனிக்கு மாற்றினேன். திட்டில் சிந்திய மண்ணைத் துடைத்தேன். அவள் வந்து பூவைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "டேய், பூத்திருச்சேடா! என்ன பண்ணின?" என்றாள். "உரத்தை மாத்தினேன்" என்றேன். அந்த வாரமே எல்லாப் பூவும் கொட்டிப்போயிற்று. பெருக்கி எடுத்தேன். என்னைவிட அவள்தான் அதிகம் வருத்தப்பட்டாள்.

இரண்டாவது தடவையைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். செடியில் பூச்சி வந்திருந்தது. இலைக்கடியில் பச்சை நிறத்தில், கடுகைவிடச் சின்னதாக. பூச்சிக்கு மிளகாயையே கொதிக்கவைத்துத் தெளிப்பதுண்டு, அது நல்ல மருந்து. மொட்டை மாடியில் வைத்துக் கொதிக்கவைக்க வேண்டும். அன்று மாடிக்கு அடுப்பைத் தூக்கிப்போகச் சோம்பலாக இருந்தது. சமையலறையிலேயே வைத்தேன், மூடாமல் வைத்தேன். வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

தெரிந்துதான் செய்தாயா என்று அன்று என்னை நீங்கள் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், உண்மையாகவே நம்பிச் சொல்லியிருப்பேன். குளியலறையில் தண்ணீர் திறந்திருந்ததால் அவள் இருமியது கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்டது. தலையில் சோப்பு இருந்தது, கழுவிவிட்டுப் போகலாமென்று நின்றேன்.

அந்தத் தடவை நிறைய நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். ஒரு இளம் பெண் மருத்துவர் என்னை அக்காவின் அறை வாசலிலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். "ஒரு தடவை பட்டும் புத்தி வரலையா உங்களுக்கு? நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாங்க மாட்டாங்க, சொல்லிட்டேன்."

படுக்கையிலிருந்து அக்கா ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, "அவனத் திட்டாதீங்க டாக்டர், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் பையன்" என்றாள்.

மருத்துவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்த நாட்களில் தொட்டிகளை மறுபடி அவள் ஜன்னலுக்கு மாற்றினேன்; பூ நின்றது, பிஞ்சு பிடித்தது, பிஞ்சு காயானது. வால் முளைத்த, சுருக்கம் விழுந்த பச்சைக் காய்கள். கூட்டத்தில் சொன்னேன். அடுத்த மாதம் கூடுவது என் வீட்டில்தான் என்று முடிவு செய்தார்கள். "நாத்துக்குக் காது குத்தியாச்சு, பேரு வைக்கறதுதான் பாக்கி" என்று சோடாபுட்டி கிண்டல் செய்தார். பச்சைக்காயை அவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், பழுத்திருக்க வேண்டும். பழுக்க இன்னும் ஒரு மாதம் வெயில் வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தொட்டிகள் மறுபடி பால்கனிக்குப் போயின. காய்கள் அப்படியே நின்றுவிட்டன. ஒன்றிரண்டு காம்போடு கழன்று விழுந்தன. எனக்கு ஒரு மாதம் போதும், ஐயா. அவள் இன்னொரு மாதம் எங்காவது இருந்துவிட்டு வந்தால் போதும். அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை. மருத்துவர் சொன்னது காதில் இருந்தது. ஆனால் மருத்துவர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டதும் அவள் படுக்கப்போனாள். நான் அவள் ஜன்னல் திட்டை அளந்தேன். எத்தனை தொட்டி நெருக்கிவைக்கலாம் என்று பார்ப்பதற்காக. "என்னடா அளக்கற?" என்றாள். "பலகை ஆடுது, மாத்தணும்" என்றேன். அளவு நாடாவை நீட்டும்போது இன்ஹேலர் இடைஞ்சலாக இருந்தது. எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தேன். திரும்ப எடுத்துத் திட்டில் வைத்தாயா என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. வைக்கவில்லை.

பிறகு சமையலறைக்குப் போனேன். சோடாபுட்டி ஒரு பை நிறையப் பழம் கொடுத்திருந்தார், மாடியில் வெயிலில் காயவைத்து விதை எடுத்துக்கொள்ளச் சொல்லி. அவற்றை நடுவில் பிளந்து தட்டில் பரப்பி, ரொட்டி சுடுகிற மின்சார அடுப்புக்குள் வைத்து, சூட்டைக் குறைவாக வைத்தேன். அடுப்பின் கதவை ஒரு விரல் இடைவெளி விட்டேன், ஈரம் வெளியேற அப்படித்தான் விடுவது. சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். மழை வரும்போல இருந்தது. மழை வரவில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு, தொட்டி மண் வாங்கப் போனேன். கடையில் புதிதாக வந்த தொட்டிகள் இருந்தன. செம்மண் நிறமா, சாம்பல் நிறமா என்று கடைக்காரரிடம் யோசனை கேட்டேன். உரத்தைப் பற்றியும் அவர் நிறையச் சொன்னார், நல்ல விவரமான ஆள். திரும்பும் வழியில் ஒரு தேநீர் குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். எங்கள் தெருமுனையில் மண் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன், கனமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அக்காவின் ஜன்னல் தெரியும். கண்ணாடி பளபளவென்று வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவ்வளவு வெயில்.

படியேறி எங்கள் வீட்டுக்குப் போனபோது எதிர் வீட்டு அம்மா இருமிக்கொண்டே எங்கள் கதவை இடித்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ நேரமாத் தட்டறேன், உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு, சாவி எங்கங்க!" என்று அலறினார். கதவைத் திறந்ததும் நெடி முகத்தில் அறைந்தது. "நீங்க வராதீங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிடும்" என்று அவரைத் தடுத்துவிட்டு, துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனேன். உயிரைப் பணயம் வைத்துப் போனான் என்று பிறகு எல்லோரிடமும் அவர் சொல்லியிருக்கிறார். உங்களிடமும் சொன்னார்.

அவள் ஜன்னலுக்குக் கீழே கிடந்தாள். திட்டின் மேலே இருந்த வானொலியும் புத்தகமும் தரையில் கிடந்தன. கையால் துழாவித் துழாவித் தள்ளியிருக்கிறாள். வழக்கமாக இருப்பது வழக்கமான இடத்தில் இல்லை. ஜன்னல் கொக்கியைப் பாதிதான் நீக்க முடிந்திருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன். பிறகு அலமாரியின் உச்சியிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஜன்னலைத் திறந்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன். இந்த வரிசையை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், கைக்கெட்டற தூரத்துல இருந்தும் எடுக்க முடியலையே" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. பேருந்தில் யாராவது இருமினால் உடம்பு தூக்கிப்போடுகிறது. போன வாரம் ஒருவருக்கு வலது வில்லையை இடதில் பொருத்திவிட்டேன், முதலாளி திட்டக்கூட இல்லை. யாராவது ஒருவர் என் கன்னத்தில் அறைந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேனோ என்னவோ. எல்லோரும் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

தொட்டிகளை அன்றே அவள் ஜன்னலில் வைத்துவிட்டேன். செடி என்ன பாவம் செய்தது. பழுத்தன, ஐயா. தீக்கங்கு மாதிரிச் சிவந்து பழுத்தன. நேற்று கூட்டத்தார் துக்கம் கேட்க வந்தார்கள். தின்பதற்கில்லை, சும்மா பார்க்கத்தான் என்று உள்ளே வந்தவர்கள் ஜன்னலருகே போய்ச் செடிகளைச் சுற்றி நின்றார்கள். நானே ஒன்றைப் பறித்து அரிந்து வைத்தேன். எல்லோரும் தின்றோம். முதலில் அழுதது நான். பாலை நானே ஊற்றினேன். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இனிமே இவர் நாத்து இல்லப்பா" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டு, "எல்லாம் அந்த அக்காவோட ஆசீர்வாதம். போகும்போதுகூட தம்பிக்குக் குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க" என்றார்.

காலையில் எழுந்ததும் நேராக இங்கே வந்துவிட்டேன்.

இப்போது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். "ஏங்க, ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்டிருந்தா அந்த ஜன்னலக் குடுத்திருப்பாங்களே? அவ்ளோ பாசமா இருந்தவங்க" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்த இடத்தை மட்டும் சொல்லாமல் போய்விடலாமென்று பார்த்தேன்.

கேட்கத் தேவையே இருக்கவில்லை. விதை முளைத்த வாரமே அவள் தன் நாற்காலியைத் தானே இழுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, "டேய், இந்த ஜன்னல நீ எடுத்துக்கோ, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்" என்றாள். வேண்டாமென்று நாற்காலியைத் திரும்ப நானே ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். பூ கொட்டினபோதும் ஜன்னலை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். காய் விழுந்தபோது கேட்டாள். அந்த மருத்துவமனைப் படுக்கையில் முகமூடியை விலக்கிக்கொண்டு கேட்டாள். அவள் கொடுக்காத ஒரு பொருள், ஒரே ஒரு பொருள், எனக்கு என்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வெயிலுக்காகச் செய்தேன் என்று இவ்வளவு நேரமாக நான் சொன்னதை அடித்துவிடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். அடுப்பைப் போட்டுவிட்டு, வெளியே கிளம்பும்போது அவள் அறையை எட்டிப் பார்த்தேன். பாதித் தூக்கத்தில் புரண்டு, "அந்தச் செடியக் கொண்டாந்து இங்க வையேண்டா, காயெல்லாம் வீணாப் போகுது, பாக்கவே மனசு கேக்கல" என்றாள்.

"வேண்டாங்க்கா, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினேன்.